விவாத இழை: கட்டணமா, உச்சவரம்பா, படுக்கை உரிமமா? சுற்றுலாக் கொள்கையில் குழாய் யார் கையில் இருக்கிறது?

#1 · தெற்குச்சாளரம்

சுற்றுலாக் கொள்கை வரைவு ஒன்றுக்குப் பின்னணிக் குறிப்பு தயாராகிறது. இடம் எது என்பது இந்த இழைக்குத் தேவையில்லை. சிறிய இடம், நெரிசலான சீசன், ஒரே ஒரு துறைமுகம், மலைமேல் ஒரு நடைவழி, ஊருக்குள் நாள் வாடகை வீடுகள். சூழல் இதுதான்.

கூட்டம் அதிகம் என்றதும் மூன்று யோசனைகள்தான் மேசைக்கு வருகின்றன. நுழைவுக் கட்டணம் போடு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வை. புது ஹோட்டலுக்கு அனுமதி தராதே. மூன்றில் எதை எடுத்தாலும் ஒரே பலன் என்பதுபோலப் பேச்சு போகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது எதைக் கட்டுப்படுத்தும், எதைத் தொடக்கூடச் செய்யாது? வரம்பு எண்ணை எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள்? முக்கியமாக, 60 பக்கத்துக்குக் கொள்கை அச்சாகி வந்த பிறகும் தரையில் ஒன்றும் மாறாமல் போவது ஏன்? எங்கே என்ன செய்தார்கள், எது சறுக்கியது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 · கூட்டல்கழித்தல்

மூன்றுக்கும் முன்னால் எண்ணுவது என்று ஒரு வேலை இருக்கிறது. அங்கேயே பாதி வரைவுகள் தவறிவிடுகின்றன.

2008-இல் வந்த ஐ.நா. புள்ளியியல் பரிந்துரைப்படி, தன் வழக்கமான சூழலை விட்டு, ஓராண்டுக்குக் குறைவாக, போகும் இடத்தில் உள்ள நிறுவனத்திடம் வேலை பார்ப்பதற்காக அல்லாமல் போகிறவர் எல்லோரும் ‘வருகையாளர்’. அவர்களில் ஓர் இரவாவது தங்குபவரே ‘சுற்றுலாப் பயணி’. காலையில் வந்து மாலையில் திரும்புபவர் ‘ஒருநாள் வருகையாளர்’. சொகுசுக் கப்பலில் வந்து இரவு கப்பலிலேயே உறங்குபவரும் இந்த வகைதான். வரைவில் இந்த மூன்று சொல்லும் மாறி மாறி வந்தால், நாளைக்கு யாரிடம் வரி வாங்கலாம் என்பதே நீதிமன்றத்தில்தான் முடிவாகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 4,000 படுக்கை. ஆண்டு சராசரி 60 சதவீதம் நிரம்புகிறது. 4,000 × 365 × 0.6 = 8,76,000 தங்கல் இரவுகள். ஒருவர் சராசரியாக 3 இரவு தங்கினால் வந்தவர்கள் 2,92,000 பேர். பிறகு போக்குவரத்து வசதி கூடுகிறது. சராசரி தங்கல் 2 இரவாகக் குறைகிறது. படுக்கையும் அதேதான், நிரம்பும் அளவும் அதேதான். ஆனால் வந்தவர்கள் இப்போது 4,38,000 பேர். “வருகை 50 சதவீதம் உயர்வு” என்று அறிக்கை வரும். ஹோட்டல்காரரோ ஓர் அறைகூடக் கூடுதலாக விற்றிருக்க மாட்டார். துறைமுகத்திலும் டிக்கெட் கவுன்ட்டரிலும் வாகன நிறுத்தத்திலும் மட்டும் ஒன்றரை மடங்கு வேலை. ஆள் மாறும்போதெல்லாம் விரிப்பை மாற்ற வேண்டும் என்பதால் சலவைக்குச் செலவாகும் தண்ணீர்கூட ஒன்றரை மடங்கு.

ஆகவே இலக்கைத் தலைகளில் எழுதாதீர்கள். தங்கல் இரவு, ஒருநாள் வருகை, ஓர் இரவுக்கான செலவு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆண்டு சராசரியை நம்பவும் வேண்டாம். மிக நெரிசலான 30 நாட்களைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். சாக்கடை நிரம்பி வழிவது அந்த 30 நாட்களில்தான்.

வழக்கமான பிழை இன்னொன்று: விடுதிப் பதிவேடுகளைக் கூட்டி ‘வருகை’ என்று போடுவது. ஒரே ஆள் மூன்று ஊரில் தங்கினால் மூன்று பேராகிவிடுவார். இரவுகளைக் கூட்டினால் அந்தச் சிக்கல் வராது.

#3 · படகுத்துறை

கொள்கை அச்சான பிறகும் ஏன் எதுவும் மாறுவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். குழாய் ஒருவர் கையில், வாளி இன்னொருவர் கையில். அதுதான் காரணம்.

விசா உள்துறை அல்லது வெளியுறவுத் துறையிடம். விமான நிலையத்தின் இறங்குநேர ஒதுக்கீடு விமானப் போக்குவரத்துத் துறையிடம். கப்பல் நிறுத்துமிடம் துறைமுக அதிகாரத்திடம். புதுப் படுக்கைக்குக் கட்டட அனுமதி நகராட்சியிடம். நடைவழி வனத்துறையிடம். குடிநீரும் கழிவுநீரும் வேறு வாரியத்திடம். சுற்றுலாத் துறை இவர்களுக்கெல்லாம் ‘வலியுறுத்துகிறது’, ‘ஒருங்கிணைக்கிறது’. அந்த இரண்டு வினைச்சொல்லும் ஒரு வரைவில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் வந்தால் அந்தக் கொள்கையில் கையெழுத்து யாருடையதும் இல்லை என்று பொருள்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வெளிநாட்டவரை அழைக்கும் பிரசாரம், 2006-இல் சுற்றுலா நாட்டுக்கான அடிப்படைச் சட்டம், 2008-இல் தனிச் சுற்றுலா முகமை. 2012-இல் வந்தவர்கள் சுமார் 83.6 லட்சம் பேர், 2019-இல் 3.19 கோடி. இடையில் 2013 ஜூலையில் தாய்லாந்து, மலேசியக் குடிமக்களுக்கு விசா விலக்கு வந்தது. பிற நாடுகளுக்கும் படிப்படியாகத் தளர்ந்தது. யென் மதிப்பு இறங்கியது, மலிவு விமானச் சேவைகள் பெருகின. இவற்றில் யென்னின் விலையும் விமானச் சேவையும் விசாவும் சுற்றுலா முகமையின் கையில் இல்லாதவை. விசா நகர்ந்ததற்குக் காரணம், பிரதமர் மட்டத்தில் எல்லாத் துறை அமைச்சர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான். போஸ்டர் ஒட்டியதால் மூன்று கோடி வரவில்லை.

கப்பல் விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம் 2019-இல் கப்பல் நிறுவனங்களின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஒரே சமயத்தில் 2 கப்பல், 4,000 பயணிகள் என்ற வரம்புக்குப் போனது. அந்த வரம்புக்கு நுழைவுக் கட்டணமும் தேவைப்படவில்லை, வாசலில் காவலரும் தேவைப்படவில்லை. கப்பல் வரும் நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். ஆனால் கப்பல் நிறுவனங்கள் பயணத் திட்டத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டு முன்பே விற்றுவிடுகின்றன. இன்று கையெழுத்திட்டால் பலன் தெரிவது அதற்கப்புறம்தான்.

வெனிஸில் 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுடெக்கா கால்வாய்க்குள் வரத் தடை. கப்பல்கள் மார்கெரா, திரியெஸ்தே போன்ற பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போயின. பயணிகளில் ஒரு பகுதி அங்கிருந்து பேருந்தில் வெனிஸ் வந்து சேர்ந்தனர். கால்வாய் தப்பியது, தெரு தப்பவில்லை. தடை போட்டதன் நோக்கம் கால்வாய்தான் என்றால் வெற்றி. கூட்டம் என்றால் அரைகுறை.

#4 · சில்லறை

அப்போ சுற்றுலாத் துறை கையில என்னதான் இருக்கு? விளம்பரம் மட்டும்தானா?

#5 · படகுத்துறை

@சில்லறை விளம்பரம், ஹோட்டல் நட்சத்திரத் தரம், வழிகாட்டிகளுக்கு உரிமம், பயிற்சி. பல நாடுகளில் பட்டியல் இவ்வளவுதான்.

சீசனைப் பரப்பும் கருவி இன்னும் விசித்திரமான இடத்தில் இருக்கிறது: கல்வித் துறையில். பிரான்ஸ் நாட்டைப் பள்ளி விடுமுறைக்காக ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளிர்கால விடுமுறையும் வசந்த விடுமுறையும் மண்டலத்துக்கு மண்டலம் தள்ளித் தள்ளி வரும். பனிச்சறுக்கு ஊர்களுக்கு இரண்டு வாரத்தில் நெரிந்து முடியவேண்டிய கூட்டம் நான்கு வாரத்துக்குப் பரவுகிறது. “சீசன் இல்லாத மாதங்களில் வாருங்கள்” என்று எத்தனை கோடிக்கு விளம்பரம் செய்தாலும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும்போது எந்தக் குடும்பம் கிளம்பும்?

#6 · வரிக்குதிரை

கட்டணம் பற்றி நான். பெயரிலேயே வரி இருப்பதால் என் தலையில்தான் விழும்.

முதலில் ஒரு தெளிவு. கட்டணம் காசு திரட்டும் கருவி. கூட்டத்தைக் குறைக்கும் கருவியாக அது மாற வேண்டுமென்றால், பயணத்தின் மொத்தச் செலவில் அது கண்ணில் படும் பங்காக இருக்க வேண்டும். விமானம், அறை, சாப்பாடு என்று நூற்றுக்கணக்கில் செலவழித்து வருபவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போக மாட்டார்.

வெனிஸ் அதை நடத்திக் காட்டியது. 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கி 29 நாட்களுக்கு, காலை 8.30 முதல் மாலை 4 வரை, இரவு தங்காமல் வருபவருக்கு 5 யூரோ. கட்டியவர்கள் சுமார் 4.85 லட்சம் பேர்; வசூல் சுமார் 24 லட்சம் யூரோ. கூட்டம் குறைந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. 2025-இல் நாட்களை 54 ஆக்கி, முன்கூட்டியே பதிந்தால் 5, கடைசி நாட்களில் பதிந்தால் 10 என்று மாற்றினார்கள். இதைத் தோல்வி என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். எந்தத் தேதியில் எத்தனை ஒருநாள் வருகையாளர்கள் வரப்போகிறார்கள் என்பது ஒரு நகராட்சிக்கு முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். அந்த 5 யூரோ வாங்கிக் கொடுத்தது தகவலைத்தான்.

சறுக்கியது விலக்குப் பட்டியலில். நகரவாசிகள், வேலைக்கு வருபவர், மாணவர், நகரத்தில் பிறந்தவர், சுற்றியுள்ள வெனெத்தோ மாகாணத்தார், ஹோட்டலில் தங்குபவர். ஹோட்டலில் தங்குபவர் கட்ட வேண்டியதில்லை, ஆனால் விலக்குக்குப் பதிவு செய்து கியூஆர் கோடு வைத்திருக்க வேண்டும். பட்டியல் நீள நீள, ரயில் நிலைய வாசலில் நிற்கும் பணியாளரின் வேலை வசூலிப்பதிலிருந்து விசாரிப்பதற்கு மாறிவிடுகிறது. என் விதி: ஐந்து நொடியில் ஓர் அட்டையைப் பார்த்து முடிவு செய்ய முடியாத விலக்கை எழுதாதே.

வாசலில் வாங்குவதைவிட டிக்கெட்டில் சேர்த்து வாங்குவது எப்போதும் மேல். ஜப்பான் 2019 ஜனவரியில் நாட்டை விட்டுப் புறப்படுபவரிடம் 1,000 யென் வாங்கத் தொடங்கியது. அது டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். பலாவ் தீவு 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணத்தை 2018 முதல் விமான டிக்கெட்டில் சேர்த்துவிட்டது. நியூசிலாந்து விசாவோடும் பயண அனுமதியோடும் சேர்த்து வாங்குகிறது. வரிசை இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை, கையில் காசு புழங்குவதும் இல்லை.

பூட்டானைப் பற்றித் தவறாகச் சொல்பவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விளக்கமாக. முன்பு சீசனைப் பொறுத்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 200 அல்லது 250 டாலர் என்று குறைந்தபட்சத் தொகுப்பு விலை இருந்தது. அதில் அறை, உணவு, வண்டி, வழிகாட்டி எல்லாம் அடக்கம். அரசுக்குப் போன பங்கு 65 டாலர். 2022 செப்டம்பரில் எல்லையைத் திரும்பத் திறந்தபோது தொகுப்பை எடுத்துவிட்டு, 65-ஐ 200 ஆக்கினார்கள். அறைக்கும் உணவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். ‘200’ என்ற எண் இரண்டிலும் வருவதால் ஒன்றும் மாறவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு; உண்மையில் அரசுப் பங்கு மூன்று மடங்கானது. அடுத்த ஆண்டே, 2023 செப்டம்பரில், அதை 100 ஆகக் குறைத்து 2027 ஆகஸ்ட் வரை என்று தேதியும் போட்டார்கள். இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய். இங்கே கட்டணம் பயணச் செலவில் கண்ணில் படும் பங்கு. அதனால் ஆளையும் குறைத்தது, ஹோட்டல்காரர்களையும் கலங்கடித்தது. கட்டணம் வேலை செய்தால் இப்படித்தான் வலிக்கும். வலிக்காத கட்டணம் வேண்டும் என்பவர் கூட்டம் குறையும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. விலைவாசியோடு சேர்ந்து உயர வழி வைக்காத கட்டணம் கரைந்துபோகும். எக்வடோரின் கலாபகோஸ் தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 1998 முதல் 100 டாலராகவே நின்றது. 2024 ஆகஸ்டில்தான் 200 ஆனது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தானாக மறுபரிசீலனை என்று சட்டத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் அரசியல் சண்டை போட வேண்டியதில்லை.

#7 · நடைபாதை

வரம்பு எண் எப்படி வருகிறது என்று ஒரு நடைவழியை வைத்துக் காட்டுகிறேன். 1990-களில் சிஃபுவெந்தஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறை. லத்தீன் அமெரிக்கப் பூங்காக்களில் பரவலாகப் பயன்பட்டது. மூன்று படி.

முதல் படி, வெறும் இடக்கணக்கு. வழியின் நீளம் 2,400 மீட்டர். ஒருவர் நிற்க 1 மீட்டர். திறந்திருப்பது 8 மணி நேரம், ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 4 முறை நிரப்பலாம். 2,400 × 4 = 9,600 பேர்.

இரண்டாம் படி, குறைப்புக் காரணிகள். குழு 15 பேராகப் போக வேண்டும், குழுவுக்குக் குழு 100 மீட்டர் இடைவெளி. 15 பேர் நிற்கும் 15 மீட்டரையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு 115 மீட்டர். 2,400-ஐ 115-ஆல் வகுத்தால் சுமார் 20.9 குழு, ஒரு சமயத்தில் 313 பேர். 313/2,400 = 0.13. ஆண்டில் 90 நாள் கனமழை: 275/365 = 0.753. வழியில் 300 மீட்டர் மண்ணரிப்புள்ள சரிவு: 2,100/2,400 = 0.875. எல்லாவற்றையும் பெருக்கினால் சுமார் 825 பேர்.

மூன்றாம் படி, நிர்வாகத் திறன். 20 காவலர் வேண்டிய இடத்தில் 12 பேர்தான். 0.6. 825 × 0.6 = 495.

9,600-இல் தொடங்கி 495-இல் வந்து நிற்கிறோம். கடைசிப் பெருக்கலைக் கவனியுங்கள். அது மண்ணின் குணமல்ல, பட்ஜெட்டின் குணம். எட்டுக் காவலரைச் சேர்த்தால் 825 ஆகிவிடும். “இயற்கை தாங்கும் அளவு” என்று அறிவிக்கப்படும் எண்ணில் ஒரு பெரிய பங்கு, அரசு எத்தனை பேரை வேலைக்கு எடுத்தது என்பதுதான்.

#8 · கரைமேடு

@நடைபாதை கணக்கு சரி, ஆனால் துல்லியம் பொய். மழைக் காரணியையே பாருங்கள். 90 நாள் மழை என்றால் அந்த 90 நாளும் வழியை மூடுவார்கள். மீதி 275 நாளில் ஆளைக் குறைக்க என்ன காரணம்? ஆண்டு மொத்தத்துக்குப் பொருந்தும் காரணியை நாள் எண்ணில் பெருக்கியிருக்கிறீர்கள். குழு இடைவெளி 100 மீட்டருக்குப் பதில் 50 என்று யாராவது மாற்றினால் காரணி 0.13-இலிருந்து 0.23-க்குத் தாவும். அந்த 100-ஐ யார் முடிவு செய்தது?

1985-இல் அமெரிக்க வனத்துறை இன்னொரு பாதையைப் பிடித்தது. எத்தனை பேர் வரலாம் என்று கேட்காதே. எவ்வளவு மாற்றத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்று கேள். நடைவழி 1.5 மீட்டர் அகலத்திலிருந்து 2 மீட்டரானால் எச்சரிக்கை. படகுக்குக் காத்திருப்பு 40 நிமிடம் தாண்டினால் நடவடிக்கை. இப்படி அளவுகோலை முன்பே எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவிடுவது.

தாய்லாந்தின் மாயா பே நல்ல பாடம். 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில் திறந்தார்கள். செய்திகளில் வந்தது எண்தான்: ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம். ஆனால் பவளப்பாறையை மீட்டது அந்த எண் என்று நான் நம்பவில்லை. முன்பு வேகப்படகுகள் நேராக வளைகுடாவுக்குள் வந்து, மணலில் மூக்கைச் சொருகி, நங்கூரத்தைப் பவளத்தின் மேலேயே போட்டன. இப்போது படகுக்கு அந்தப் பக்கமே வழி கிடையாது. தீவின் பின்பக்கம் லோ சமா விரிகுடாவில் மிதவைத் துறை. அங்கிறங்கி மரப்பலகைப் பாதையில் நடந்து வர வேண்டும். தண்ணீருக்குள் நீந்தத் தடை. மழைக்காலத்தில் இரண்டு மாதம் முழு மூடல். படகை முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு மாற்றியதுதான் மாற்றம். 375 என்பதை 400 ஆக்கினாலும் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. படகைத் திரும்ப முன்பக்கம் விட்டால் 50 பேருக்கே போய்விடும்.

ஃபுஜி மலையிலும் அதே கதை. 2024-இல் யோஷிதா வழியில் நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் 2,000 யென் கட்டணமும் வந்தன. கூடவே மாலை 4 முதல் விடியற்காலை 3 வரை, மலைக்குடிலில் முன்பதிவு இல்லாதவருக்குக் கதவு மூடல். அடுத்த ஆண்டு கட்டணம் 4,000 யென் ஆனது, மூடும் நேரம் மதியம் 2-க்கு வந்தது. தூங்காமல் இரவு முழுக்க ஏறிக் குளிரில் சுருண்டு விழுபவர்கள்தான் அங்கே பிரச்சினை. அதைத் தீர்ப்பது நேரக் கதவு, 4,000 அல்ல.

#9 · நடைபாதை

மழைக் காரணியை ஒப்புக்கொள்கிறேன். அது ஆண்டு ஒதுக்கீட்டில்தான் வர வேண்டும். அதை எடுத்தால் 1,095, நிர்வாகக் காரணிக்குப் பிறகு 657.

ஆனால் எண்ணே வேண்டாம் என்ற இடத்துக்கு வர மாட்டேன். துறைமுகக் கவுன்ட்டரில் உட்காருபவருக்கு ‘ஏற்கத்தக்க மாற்றம்’ புரியாது. அவருக்கு ஓர் எண் வேண்டும். எந்த எண் என்பதில்தான் கவனம் வேண்டும். பிலிப்பைன்ஸின் போராகாயை 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் மூடினார்கள். காரணம் கழிவுநீர். திறந்தபோது இரண்டு எண் வைத்தார்கள்: எந்த நேரத்திலும் தீவில் 19,215 சுற்றுலாப் பயணிகள், ஒரு நாளைக்கு உள்ளே வருபவர் 6,405. இரண்டாவதை மூன்றால் பெருக்குங்கள், முதல் எண் அப்படியே வரும். சராசரி தங்கல் 3 நாள் என்ற அனுமானம் உள்ளே ஒளிந்திருக்கிறது. தங்கல் 4 நாளானால் தினசரி வரம்பை ஒருவர்கூட மீறாமலேயே தீவில் 25,620 பேர் இருப்பார்கள். கூட்டல்கழித்தல் சொன்ன தங்கல் நாள் கணக்கு இங்கே வந்து கடிக்கிறது.

அங்கே எண்ணுக்குப் பல் கொடுத்தது இன்னொரு விதி: அங்கீகாரம் பெற்ற விடுதியில் முன்பதிவு இருந்தால்தான் படகு. அங்கீகாரம் வேண்டுமென்றால் விடுதியின் கழிவுநீர் ஏற்பாடு சரியாக இருக்க வேண்டும். படகு டிக்கெட், அறை, சாக்கடை மூன்றும் ஒரே கயிற்றில். அப்படியிருந்தும் 2022 புனித வாரத்தில் வரம்பு தாண்டியது.

#10 · மேட்டுத்தெரு

படுக்கை பற்றி யாரும் தொடவில்லை. ஹோட்டலுக்கு மட்டும் தடை போட்டால் படுக்கை நிற்காது, அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழையும். சில நாள் வாடகை வீடுகளைச் சேர்க்காத படுக்கை வரம்பு, ஒரு பக்கம் கட்டிவிட்டு மறுபக்கம் திறந்துவிட்ட கரை.

‘ஆண்டுக்கு இத்தனை இரவு’ என்ற வரம்பு பல ஊர்களில் உண்டு: ஆம்ஸ்டர்டாம் 2019-இல் வைத்தது 30 இரவு, ஜப்பானில் 2018 சட்டப்படி 180 நாள். எண்ணுபவர் யார் என்பதுதான் கேள்வி. ஒரே வீட்டை மூன்று முன்பதிவு இணையதளங்களில் போட்டால் ஒவ்வொரு தளமும் தன் கணக்கை மட்டும்தான் பார்க்கும். பதிவெண்ணும் தரவுப் பகிர்வும் இல்லாத இரவு வரம்பு வெறும் காகிதம். நியூயார்க் 2023 செப்டம்பரில் பிடியை மாற்றியது: பதிவெண் இல்லாத வீட்டுக்கு முன்பதிவுத் தளம் பணப் பரிவர்த்தனையே செய்யக் கூடாது. 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. கதவைத் தட்டிச் சோதிக்க ஆள் தேவையில்லை, பணம் போகும் வழியில் அடைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஒழுங்குமுறையும் பதிவெண், தரவுப் பகிர்வு என்ற அதே தடத்தில்தான். 2026 மே 20 முதல் பொருந்தும்.

பார்சிலோனா இன்னும் கடுமை: 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தது. இதற்குக் கால் கொடுத்தது கத்தலோனிய அரசின் 2023 ஆணைச் சட்டம். காலவரையற்றிருந்த உரிமத்தை அது ஐந்தாண்டு உரிமமாக மாற்றியது. 2025 மார்ச்சில் ஸ்பெயின் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை ஏற்றது. பாடம் இதுதான்: முதல் நாளிலேயே உரிமத்துக்குக் காலாவதித் தேதி வையுங்கள். தேதி இல்லாத உரிமம் சொத்தாகிவிடும். பிறகு திரும்ப எடுக்கப் போனால் நஷ்டஈடு கேட்பார்கள்.

நடைமுறையில் இரண்டு எச்சரிக்கை. ‘அடுத்த ஜனவரி முதல் புது உரிமம் இல்லை’ என்று அறிவித்தால் டிசம்பர் முடிவதற்குள் விண்ணப்பம் மலையாகக் குவியும். இடைக்காலத் தடை அறிவிக்கும் நாளிலேயே அமலுக்கு வர வேண்டும், விரிவான விதி பிறகு வரட்டும். அடுத்தது, உரிமம் கைமாறலாமா என்பதை எழுதிவிடுங்கள். வரம்பு வைத்த மறுநாளே பழைய உரிமங்களுக்குக் கள்ளச்சந்தை விலை வந்துவிடும்.

#11 · சில்லறை

எல்லாரும் தடுக்கிறதைப் பத்தியே பேசுறீங்க. அரசே முன்னின்று ஊரையே கட்டின கதையும் உண்டே?

#12 · பழையவரைபடம்

உண்டு. அந்தத் திட்டங்களில் ஹோட்டலுக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் லாங்க்டாக் கடற்கரை. பிரெஞ்சுக்காரர்கள் கோடையில் அதைத் தாண்டி ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1963-இல் பியேர் ராசீன் தலைமையில் பல அமைச்சகங்களுக்கும் பொதுவான ஒரு குழு அமைந்தது. வெளியே தெரியாமல் நிலத்தை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். திட்டம் வெளியான பிறகு வாங்கினால் விலை எங்கே போயிருக்குமோ. அடுத்த வேலை கொசு. சதுப்பு நிலக் கொசுவை அடக்காமல் அங்கே யாரும் இரவு தங்க மாட்டார்கள். லா கிராந்த் மோத் போன்ற புது ஊர்களை வரிசையாகக் கட்டினாலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கட்டடமில்லாத பசுமைப் பட்டைகளை விட்டார்கள்.

மெக்சிகோவின் கான்குனைத் தேர்ந்தெடுத்தது சுற்றுலா அமைச்சகம் அல்ல, மத்திய வங்கி. அந்நியச் செலாவணி தேவைப்பட்டதால் 1960-களின் கடைசியில் இடம் தேடினார்கள். ஹோட்டல் பட்டை, ஊர், விமான நிலையம் என்று மூன்று பகுதியாக வரைபடம். ஹோட்டல் பட்டை திட்டப்படி வந்தது. ஆனால் கட்டுமானத்துக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் வரைபடம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஊர் தன்னிச்சையாகக் குடிநீரும் சாக்கடையும் இல்லாத பகுதிகளாக விரிந்தது. ஓர் அறை கட்டினால் எத்தனை வேலைக்காரர் குடும்பம் வரும், அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்ற வரி இல்லாத திட்டம் எல்லா நாட்டிலும் இதே மாதிரிதான் முடிகிறது.

துருக்கி 1982-இல் 2634-ஆம் எண் சட்டத்தில் அரசு நிலத்தை முதலீட்டாளருக்கு 49 ஆண்டு வரை ஒதுக்க வழி செய்தது. அந்தால்யா கரையோரம் முழுக்க ஹோட்டல் எழுந்தது அப்படித்தான். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டால் திரும்பப் பேச ஒரு பிடி அரசிடம் மிஞ்சும். ஆனால் 49 ஆண்டு என்பது, பேச வேண்டியவர் பிறந்தே இருக்க மாட்டார் என்ற அளவு நீளம்.

#13 · தெற்குச்சாளரம்

இழையை வைத்துக் குறிப்பைத் திருத்தி எழுதினேன். சுருக்கம்: இலக்கு தங்கல் இரவிலும் நெரிசலான 30 நாளிலும். கப்பலுக்குத் துறைமுக அட்டவணை வழியாக வரம்பு, கையெழுத்து துறைமுக அதிகாரத்துடையது. நடைவழிக்கு நேரச்சீட்டும், அகலம் மற்றும் காத்திருப்பு நேரத்தில் எச்சரிக்கை அளவும். படுக்கைக்கு ஹோட்டல், வாடகை வீடு இரண்டும் சேர்ந்த ஒரே பதிவேடு, ஐந்தாண்டு உரிமம். கட்டணம் படகு டிக்கெட்டிலேயே. அதன் நோக்கம் கழிவுநீர்ச் செலவு என்று எழுதினேன், கூட்டக் குறைப்பு என்று எழுதவில்லை. எல்லாம் வரும் சீசன் தொடக்கத்திலிருந்து அமல்.

#14 · மேட்டுத்தெரு

கடைசி வரியைப் பிரியுங்கள். உரிமத் தடை அறிவிக்கும் நாளிலேயே. கட்டணம், முன்பதிவு செய்துவிட்டவர்களைப் பாதிக்காதபடி ஆறு மாதம் கழித்து. பதிவேடு இரண்டுக்கும் முன்னால்.

#15 · படகுத்துறை

கப்பல் வரம்பை வரும் சீசனில் எழுதினால் யாரும் மதிக்க முடியாது, அட்டவணை ஏற்கெனவே விற்றாயிற்று. இரண்டு சீசன் தள்ளிப் போடுங்கள். அதுவரை ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் நிற்கும் நாட்களில் இறங்கும் நேரத்தையாவது இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குத் துறைமுக அதிகாரியின் ஒரு கடிதம் போதும்.

#16 · வரிக்குதிரை

“கழிவுநீர்ச் செலவு” என்று மட்டும் எழுதாமல் எந்தக் கணக்குத் தலைப்பில் போய்ச் சேரும் என்றும் எழுதுங்கள். பொதுக் கருவூலத்தில் விழுந்த காசு ஊருக்குத் திரும்பி வர ஆண்டுக்கணக்காகும். உள்ளூரில் தினமும் படகில் போய்வரும் பிள்ளைகளின் பள்ளி அட்டையை விலக்கில் சேர்த்தீர்களா? அந்த ஒன்று விட்டுப்போனால் முதல் வாரமே மறியல்.

#17 · தெற்குச்சாளரம்

பள்ளி அட்டை விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிட்டேன். உரிமம், கட்டணம், கப்பல் மூன்றுக்கும் தனித்தனித் தேதி போட்டு, திருத்திய வரைவை இங்கேயே போடுகிறேன்.